320 கி.மீ. ஃபைபர் லைன்: ஆம்ப்ளிஃபையர் இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா?

இழைபித்தன்:
320 கி.மீ. லைன். நடுவில் ஆம்ப்ளிஃபையர் (வழியில் மங்கும் ஒளியைப் பெருக்கும் பெட்டி) வைக்க வசதியுள்ள இடங்கள் 70, 120, 160, 200, 250ஆவது கி.மீ. மட்டும்தான். ரிசீவர் முனையில் ப்ரீஆம்ப் (ரிசீவருக்கு முன்னால் வைக்கும் ஆம்ப்ளிஃபையர்) எப்படியும் உண்டு. ஸ்ப்ளைஸ் (ஃபைபரை ஒட்டிய இடம்), கனெக்டர் எல்லாம் சேர்த்து கி.மீ.க்கு 0.25 டெசிபெல் இழப்பு. ரிசீவருக்கு ஓஎஸ்என்ஆர் (ஒளி சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், கூடினால் நல்லது) 18 டெசிபெல் வேண்டும். 120, 200 இரண்டிலும் வைத்தால் போதும் என்கிறேன் நான், கூட வேலை செய்பவர் 70, 160, 250 என்று மூன்று வைக்கச் சொல்கிறார். எது சரி? இதற்கு ஜெனடிக் அல்காரிதம் (பரிணாமம் போல விடைகளைக் கலந்து மாற்றித் தேடும் நிரல்) எழுதலாமா என்றும் ஒரு யோசனை.

டெசிபெல்தாசன்:
கணக்கைப் போட்டுப் பாருங்கள். சேனலுக்கு 1 மில்லிவாட், நாய்ஸ் ஃபிகர் (ஆம்ப்ளிஃபையர் சேர்க்கும் இரைச்சலின் அளவு) 5 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் யோசனையில் ஸ்பான்கள், அதாவது ஒரு பெட்டியிலிருந்து அடுத்தது வரையிலான துண்டுகள், 120, 80, 120 கி.மீ., இழப்பு 30, 20, 30 டெசிபெல். இதை அப்படியே கூட்டக் கூடாது, மடங்காக மாற்றித்தான் கூட்ட வேண்டும்: 1000 + 100 + 1000. பார்த்தீர்களா, மொத்த இரைச்சலில் நடு ஸ்பானின் பங்கு ஐந்து சதவீதம்கூட இல்லை, ஓரத்தில் இருக்கிற இரண்டு நீள ஸ்பான்கள்தான் எல்லாவற்றையும் கெடுக்கின்றன. ஓஎஸ்என்ஆர் 19.8 வரும். அவர் சொல்வதில் 70, 90, 90, 70. மடங்குகளைக் கூட்டினால் சுமார் 468தான், ஓஎஸ்என்ஆர் 26.3. ஒரு பெட்டி கூடுதலாக வைத்ததற்கு ஆறரை டெசிபெல் லாபம்!

அப்புறம், 80 கி.மீ.க்கு ஒன்று என்று அளந்து வைத்தால்கூட 27தான் கிடைக்கும். அதற்காகப் புதிதாக இடம் தேடி அலைய வேண்டாம்.

வரைபடப்பிரியை:
ஜெனடிக் அல்காரிதமா? ஐந்து இடத்துக்கு மொத்தமே 32 வழிதான், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். இடங்கள் நூறு இருந்தாலும் ஒற்றை லைன் என்றால் டைனமிக் புரோகிராமிங் (சிறு பகுதிகளின் விடையைச் சேமித்து, அதிலிருந்து முழு விடையைக் கட்டும் முறை) போதும், ஏனென்றால் இரைச்சல் ஸ்பான் ஸ்பானாகக் கூடிக்கொண்டே போகிறது. வலைப்பின்னலாக இருந்து, பல பாதைகள் ஒரே லைனைப் பங்குபோட்டுக்கொள்ளும்போதுதான் சிக்கல். ஒரு லைனில் மிச்சம் பிடித்ததை அந்தப் பாதை இன்னொரு லைனில் செலவழிக்கலாம், ஆகவே எல்லா லைனையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். ஐஎல்பி (முழு எண் நேரியல் நிரலாக்கம்) பக்கம் போவது அப்போதுதான்.

இழைபித்தன்:
சரி, 19.8 என்பது 18ஐத் தாண்டுகிறதே? போதவில்லை என்றால் பவரை இரட்டிப்பாக்கிவிடலாமே?

டெசிபெல்தாசன்:
தாண்டுவது இன்றைக்கு. ஃபைபர் அறுபடும், ஒவ்வொரு முறையும் ஒட்டும்போது ஸ்ப்ளைஸ் கூடும். இரண்டு 30 டெசிபெல் ஸ்பானிலும் தலா 1 டெசிபெல் கூடினாலே ஓஎஸ்என்ஆர் 19க்குக் கீழே போய்விடும். பவரை இரட்டிப்பாக்கினால் ஓஎஸ்என்ஆர் 3 டெசிபெல் ஏறும், உண்மைதான். ஆனால் நேரியலற்ற இரைச்சல் (பவர் கூடும்போது ஃபைபருக்குள்ளேயே உண்டாவது) பவரின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால் அது 9 டெசிபெல் ஏறும். கொஞ்சம் கூட்டலாம், அளவாக.

வரைபடப்பிரியை:
மூன்றாவது இடத்துக்கு வழியே இல்லை என்றால் ராமன் பம்பைப் பாருங்கள். ஸ்பானின் கடைசி முனையிலிருந்து 1450 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியைப் பின்னோக்கிச் செலுத்தினால் ஃபைபரே ஆம்ப்ளிஃபையர் ஆகிவிடும், நடுவில் பெட்டி வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், அந்த பம்பின் பவர் அதிகம். கனெக்டர் முகத்தில் துளி தூசி இருந்தாலும் அந்த இடம் கருகிவிடும், துடைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் ஆன் செய்யாதீர்கள்.