புதுப்பிப்பு: அம்மாவின் கண் தப்பிச்சது

போன வாரம் எழுதியிருந்தேன்: 71 வயசு அம்மாவுக்குப் நெத்திப்பொட்டுப் பக்கம் விடாத தலைவலி, சீப்பு பட்டாலே எரிச்சல், இட்லி மெல்லும்போதே தாடை வலிச்சு நடுவுல நிறுத்திடறாங்கன்னு. கடலூர்ல பார்த்த டாக்டர் பல்லுவலின்னு அனுப்பிட்டார். "ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸா (தலைப்பக்க ரத்தக் குழாய்ல வர்ற அழற்சி நோய்) இருக்கலாம், விட்டா கண்ணு போயிடும், இன்னிக்கே கிளம்புங்க"ன்னு சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி.

அன்னிக்கு ராத்திரியே புதுச்சேரி ஜிப்மர் அவசரப் பிரிவுக்குப் போனோம். கார்ல வரும்போதுதான், "நேத்து காலைல வலது கண்ணுல திரை விழுந்தாப்ல இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு"ன்னு அம்மா சாதாரணமா சொன்னாங்க. எனக்குக் கை நடுங்கிடுச்சு. உள்ளே போனதும் முதல் வேலையா அதைத்தான் டாக்டர்கிட்ட சொன்னேன். வீட்டுல யாருக்காவது இப்படின்னா நீங்களும் அதையே முதல்ல சொல்லுங்க.

ரத்தப் பரிசோதனையில ஈஎஸ்ஆர் (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற அளவு) 96, ரொம்ப அதிகம். பயாப்ஸிக்குக் (நெத்திப்பொட்டு ரத்தக் குழாய்ல சின்னத் துண்டு எடுத்துப் பாக்கற சோதனை) காத்திருக்காம ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க: மூணு நாள் நரம்பு வழியா, அப்புறம் தினம் 60 மில்லிகிராம் பிரெட்னிசலோன். மருந்து தொடங்கின பிறகும் ஒண்ணு ரெண்டு வாரம் பயாப்ஸியில நோய் தெரியுமாம். நாலாம் நாள் எடுத்தாங்க, உறுதியாயிடுச்சு.

ஸ்டீராய்டால சர்க்கரை ஏறியிருக்கு, இன்சுலின் போடறோம். மாத்திரையை நாமளா நிறுத்தவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க.

இன்னிக்குக் காலைல அம்மா தானே தலை வாரிப் பின்னிக்கிட்டாங்க.