கரும்பு சைலேஜ்ல சாராய வாடை, என்ன கலக்கலாம்?

வணக்கம். மாதவரம் பக்கத்துல 4 கறவை மாடு வச்சிருக்கேன். பொங்கலுக்கு மிஞ்சின கரும்பைத் தோகையோட நறுக்கி, சைலேஜுக்காக (புளிக்கவச்சுச் சேமிக்கிற தீவனம்) நீல டிரம்ல மிதிச்சு அடைச்சேன். 40 நாள் கழிச்சுத் திறந்தா குப்புனு சாராய வாடை, ஓரமெல்லாம் பூஞ்சை. எங்க மாடு லட்சுமி மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு, மனசே கேக்கல.

கரும்புச் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கிடுது, சத்தும் போயிடுது. 100 கிலோவுக்கு 1 கிலோ யூரியா கலந்தா ஈஸ்ட் அடங்கும், புரதக் குறையும் கொஞ்சம் தீரும்ங்கறாங்க. சுண்ணாம்பு, லாக்டோபேசிலஸ் புக்னெரிங்கற பாக்டீரியாவும் சொல்றாங்க. யூரியாதான் பயமா இருக்கு. ஒரு இடத்துல கட்டியா நின்னுட்டா மாட்டு உசுருக்கே ஆபத்து. கன்னுக்குட்டிக்கு எப்படியும் குடுக்க மாட்டேன்.

கலந்து பார்த்தவங்க சொல்லுங்க: யூரியாவை எவ்வளவு தண்ணியில கரைச்சுத் தெளிச்சீங்க? மாடு பழக எத்தனை நாளாச்சு? அந்த பாக்டீரியா பாக்கெட் மாதவரம், செங்குன்றம் பக்கம் எங்க கிடைக்கும்?