சொன்ன தேதிக்கு ஏன் எதுவும் முடிவதில்லை?

காவேரிப்பட்டணம் தையல் (கேள்வி)

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு 11 வருடமாகத் தைக்கிறேன். பிளவுஸ்தான் முக்கிய வேலை. அப்புறம் சேலைக்கு ஃபால்ஸ், குச்சு. இப்போது புரட்டாசி, கல்யாணத் துணி வராது. கை கொஞ்சம் ஓய்ந்திருப்பதால், ஒரு மாதமாக மனதில் கிடப்பதைக் கேட்டுவிடுகிறேன்.

ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் 14 பிளவுஸ் கொடுத்தார்கள். எல்லாம் லைனிங் வைத்தது. முகூர்த்த பிளவுஸுக்கு மட்டும் ஆரி எம்பிராய்டரி வேலை. புதன்கிழமை துணி வந்தது. ஒரு நாளைக்கு 4 தைப்பேன், 14-க்கு மூன்றரை நாள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றரை நாள் சேர்த்து, திங்கள்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவசரப்பட்டுச் சொல்லவில்லை. யோசித்து, விரல் விட்டு எண்ணித்தான் சொன்னேன்.

வியாழன் காலை 9 மணிக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டு போனது, வந்தது மாலை 4-க்கு. மெஷினைக் காலால் மிதிக்கலாம், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக்கை என்ன செய்வது? அரக்கு நிறச் சேலைக்கு லைனிங் இங்கே கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் போய் வந்ததில் அரை நாள். வந்த லைனிங்கை நனைத்துக் காயவைத்தால்தான் வெட்ட முடியும், அன்று பார்த்து மழை. அளவுக்குக் கொடுத்த ஜாக்கெட் ஒரு வருடம் பழையது, பெண் இதற்குள் இளைத்திருக்கிறாள். வெட்டிய 3 பிளவுஸைப் பிரித்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆரி போடும் பெண்ணுக்குக் காய்ச்சல். என் சின்ன மாமியார் வீட்டில் ஒரு துக்கம். போகாமல் இருக்க முடியுமா?

முகூர்த்த பிளவுஸை நான் கொடுத்தது சனிக்கிழமை இரவு 10 மணிக்கு, மண்டபத்தில். கொக்கிகளை மணப்பெண் அறையில் உட்கார்ந்து தைத்தேன். மறுநாள் காலை கல்யாணம். அந்தப் பெண் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின இரவை நான் அவளுக்குக் கெடுத்துவிட்டேன்.

"நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும்" என்கிறார் மாமியார். எனக்கு அது பதிலாகப் படவில்லை. ஒரு தடவை என்றால் தெய்வம் எனலாம். 11 வருடமாக, அதுவும் எப்போதும் தாமதத்தின் பக்கமே எப்படிச் சாயும்?

இன்னொன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் "மோட்டார் பைப்பை ஒரே நாளில் மாற்றிவிடலாம்" என்றால், மூன்று நாள் ஆகும் என்று உடனே சொல்கிறேன். மூன்று நாள்தான் ஆகிறது. அடுத்தவர் வேலையை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிற எனக்கு, என் வேலை மட்டும் ஏன் தெரிவதில்லை?

அரூர் டெய்லர்

அக்கா, நான் தேதியே சொல்வதில்லை. முடிந்ததும் போன் செய்கிறேன், வந்து வாங்கிக்கொள்கிறார்கள். நிம்மதியாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம் தையல்

முகூர்த்தத் துணிக்கு அது நடக்காது தங்கச்சி. அவர்களுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, நானும் ஒரு தேதி சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொப்பூர் வழி

நான் தக்காளி வண்டி ஓட்டுகிறேன். ராயக்கோட்டையில் ஏற்றினால் பாலக்கோடு, தர்மபுரி வழியாகச் சேலம். ஏன் தாமதத்தின் பக்கமே சாய்கிறது என்று அக்கா கேட்டது எனக்குள்ளும் இருந்த கேள்விதான்.

ரோடு சும்மா இருந்தால் இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். எல்லாமே நல்லபடியாக அமைந்த நாளில், தர்மபுரியில் நெரிசல் இல்லை, டோல்கேட்டில் வரிசை இல்லை என்றால் எவ்வளவு மிச்சமாகும்? 20 நிமிடம். அதற்கு மேல் வண்டியை விரட்ட முடியாது, விரட்டவும் கூடாது. அதே தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்தால் பின்னால் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் நிற்கிறோம். நல்ல நாள் தருவது 20 நிமிடம், கெட்ட நாள் எடுப்பது 4 மணி நேரம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் சராசரி இரண்டரைக்கு மேல்தான் வரும்.

உங்கள் பிளவுஸும் அப்படித்தான். எல்லாம் கூடி வந்த நாளில் 4-க்குப் பதில் 5 தைப்பீர்கள். கூடி வராத நாளில் ஒன்றுகூட முடியாது. நீங்கள் கணக்குக்கு எடுத்தது ரோடு சும்மா இருந்த நாளை.

தக்காளி காத்திருக்காது என்பதால் நான் மண்டிக்காரரிடம் நாலரை மணி நேரம் என்றுதான் சொல்கிறேன். முதலில் முகம் சுளித்தார். இப்போது நான் சொல்லும் நேரத்தை வைத்துத்தான் இறக்குகிற ஆட்களை வரச் சொல்கிறார்.

தர்மபுரி ஆசிரியர்

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. உளவியலில் இதற்கு ஒரு பெயரே உண்டு: திட்டமிடல் பிழை. 1979-ல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். முந்தைய வேலைகள் இழுத்தடித்தது நன்றாகத் தெரிந்திருந்தும், கையில் இருக்கும் வேலை மட்டும் சீக்கிரம் முடியும் என்று மனிதர்கள் நம்புவதைத்தான் அப்படிச் சொன்னார்கள். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அவரே இதில் மாட்டியிருக்கிறார். இஸ்ரேலில் பள்ளிகளுக்காக ஒரு பாடநூல் எழுதும் குழுவில் இருந்தார். எப்போது முடியும் என்று எல்லோரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார். எல்லோரும் ஏறத்தாழ 2 வருடம் என்று எழுதினார்கள். பாடத்திட்டத்தில் அனுபவமுள்ள ஒருவர் குழுவில் இருந்தார். "இதே மாதிரி வேலையில் இறங்கிய மற்ற குழுக்களுக்கு எத்தனை வருடம் ஆனது?" என்று அவரிடம் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, 100-க்கு 40 குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கும் 7 முதல் 10 வருடம் ஆனது என்றார். இவ்வளவும் தெரிந்த அவரும் சற்று முன் 2 வருடம் என்றுதான் எழுதியிருந்தார்! கடைசியில் 8 வருடம் ஆனது.

உங்கள் வீட்டு மோட்டார் பைப்புக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கணவர் வேலையை வெளியிலிருந்து பார்க்கிறீர்கள். போன தடவை எத்தனை நாள் ஆனது என்பதுதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் வேலையை உள்ளே நின்று பார்க்கிறீர்கள்; வெட்டுவது, தைப்பது, கை வைப்பது, கொக்கி என்று வரிசையாகக் கண்முன் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் துக்க வீடு வராது, காய்ச்சல் வராது.

ஒன்றரை நாள் சேர்த்தும் போதவில்லை என்றீர்கள். 1994-ல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூவர் கனடாவில் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள், 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமாகப் போனால் என்று நினைத்துப் பார்த்ததைவிட நடப்பு மோசமாக இருந்தது. அதே ஆய்வு வரிசையில், அடுத்தவர் வேலையைக் கணித்தவர்களிடம் இந்த அதீத நம்பிக்கை இல்லை என்பதும் தெரிந்தது.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு பிளவுஸ் முடிய 7 விஷயம் சரியாக அமைய வேண்டும் என்று வைப்போம்: கரண்டு, லைனிங், அளவு, ஆரி, மெஷின், உங்கள் உடம்பு, வீட்டு நிலவரம். ஒவ்வொன்றும் 10-க்கு 9 தடவை சரியாக இருக்கும் என்றால் நல்ல நிலைமைதானே? ஆனால் ஏழும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க 0.9-ஐ ஏழு தடவை பெருக்க வேண்டும். 100-க்கு 48 தான் வருகிறது. பாதிகூட இல்லை. தனித்தனியாக எந்தத் தடங்கலும் அபூர்வம், ஏதோ ஒரு தடங்கல் வருவது வழக்கம்.

ஆர்டர் நோட்டு இருக்குமே? சொன்ன தேதி, கொடுத்த தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மனதைக் கேட்காதீர்கள், நோட்டைக் கேளுங்கள்.

சந்தூர் தோப்பு

ஆசிரியர் சொல்வது தையலுக்குச் சரி. எல்லாவற்றுக்கும் நோட்டு பேசாது சார்.

நமக்கு மா. பெங்களூரா அதிகம், கொஞ்சம் செந்தூரா, நீலம். 30 வருடக் கணக்கு என் கையில் இருக்கிறது. மார்கழி, தையில் பூவெடுக்கும். பூ நிறைந்திருக்கும்போது பனி கவிந்தால், மழை பெய்தால், தத்துப்பூச்சி ஏறினால் கருகி உதிர்ந்துவிடும். பிஞ்சு பிடித்த பிறகு ஒரு காற்று போதும், தரையெல்லாம் பிஞ்சு. ஒரு வருடம் நன்றாகக் காய்த்த மரம் மறு வருடம் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். எல்லாம் தாண்டிக் காய் நின்ற வருடம் மாங்கூழ் ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும், விலை இறங்கும். 30 வருடக் கணக்கைப் பார்த்து அடுத்த வருடத்தை என்னால் சொல்ல முடியாது. நல்ல வருடம் எத்தனை, கெட்ட வருடம் எத்தனை என்று மட்டும் சொல்லலாம்.

ஒரு வருடம் பூவைப் பார்த்துவிட்டு, ஆனியில் காய்ப் பணம் வரும், ஆடி கழிந்து ஆவணியில் மகள் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டேன். மாசியில் மழை பெய்தது. பாதிப் பூ போனது. கல்யாணத்தைத் தள்ள முடியாது, நகையை அடகு வைத்துத்தான் செய்தேன். கடனை அடைக்க இரண்டு பருவம் ஆனது. தவறு பூவைப் பார்த்துக் கணக்குப் போட்டது மட்டுமில்லை. தள்ள முடியாத ஒன்றை, நிச்சயமில்லாத ஒன்றின் மேல் கட்டினேன். அப்புறம் வீட்டு விசேஷம் எதையும் அந்த வருடத்துக் காய் மேல் வைப்பதில்லை, போன வருடப் பணம் கையில் இருந்தால்தான் பேச்சு.

அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த 14-ல் கல்யாணத்தன்று வேண்டியது ஒன்றுதானே? அதை ஏன் கடைசியில் வைத்தீர்கள்?

காவேரிப்பட்டணம் தையல்

அண்ணா, இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆரி முடிந்து வர வேண்டுமே என்று அதைக் கடைசியில் வைத்தேன். மற்ற 13-ம் முடிந்தால் நிதானமாகத் தைக்கலாம் என்று நினைத்தேன். அந்த 13-ல் மூன்று, மறுவீட்டுக்குக் கட்டுகிற சேலைக்கானவை. அவை கல்யாணத்துக்குப் பிறகு வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

எல்லோருக்கும் நன்றி. நான்கு இரவு உட்கார்ந்து சித்திரை முதல் ஆவணி வரை நோட்டைப் பார்த்தேன். கொடுத்த தேதியை எழுதும் பழக்கம் நல்லவேளையாக இருந்தது, பாக்கிப் பணத்துக்காக.

மெஷினில் உட்கார்ந்த நாள் 126. தைத்த பிளவுஸ் 284. ஒரு நாளைக்கு 2-க்குச் சற்று மேல். 11 வருடமாக 4 என்றே சொல்லி வந்திருக்கிறேன். 4 தைத்த நாட்களும் இருக்கின்றன, 9 நாள். அந்த 9 நாளைத்தான் மனது பிடித்து வைத்திருக்கிறது. தொப்பூர் அண்ணன் சொன்ன சும்மா இருந்த ரோடு அதுதான். சொன்ன தேதிக்குக் கொடுத்தவை 97.

தடங்கல்களையும் தனித் தாளில் எழுதினேன். எதிர்பாராதது என்று நான் நினைத்தவற்றில் பாதி எதிர்பார்க்கக்கூடியவை. பராமரிப்புக் கரண்டு மாதா மாதம் போகிறது. பள்ளிக்கூடக் கூட்டம் பரீட்சைக்குப் பரீட்சை வருகிறது. இந்தக் கணக்கில் வராத மாசியிலும் அப்படித்தான்: மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நிற்கும், வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். அந்த வாரத்துக்குக்கூட மற்ற வாரம் மாதிரியே ஆர்டர் வாங்கியிருக்கிறேன். காலண்டரில் இருப்பதையே நான் எண்ணவில்லை. துக்கம், காய்ச்சல் எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் இந்த ஐந்து மாதத்தில் 11 நாள் அவற்றுக்குப் போயிருக்கிறது.

தீபாவளித் துணி வரத் தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு 2 என்று வைத்துத்தான் தேதி சொல்கிறேன். போன வாரம் 6 பிளவுஸ் கொண்டுவந்த ஒருவர், ஏற்கெனவே கையில் இருக்கும் துணிகளையும் சேர்த்து 12 நாள் என்றதும் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு கடையில் 4 நாள் என்றார்களாம். பழகியவர். வருத்தமாகத்தான் இருந்தது, அன்று முழுக்க மெஷினில் மனம் ஓடவில்லை. வருமானம் குறையுமோ என்ற பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு முகூர்த்தம் வந்திருக்கிறது. 9 பிளவுஸ். ஆரிப் பெண் 4 நாளில் தருகிறேன் என்றாள். நோட்டில் அவள் எடுத்த நாட்களைப் பார்த்தேன், பெரும்பாலும் 7. அதனால் முகூர்த்த பிளவுஸை முதல் நாளே வெட்டி அவளிடம் கொடுத்தாயிற்று. மீதி 8-ல் எது கல்யாணத்துக்கு முன் வேண்டும், எது பின்னால் போதும் என்று பெண்ணின் அம்மாவிடமே கேட்டுப் பிரித்து வைத்தேன். பெண்ணையும் நேரில் வரச் சொல்லி அளவெடுத்தேன். முகூர்த்தத்துக்கு 5 நாள் முன்னால்தான் கிடைக்கும், அதற்கு முன் கேட்காதீர்கள் என்று தேதியைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிம்மா, இப்பவே சொல்லிட்டீங்களே" என்று சொல்லி, சேலைகளை என் அலமாரியில் அவரே அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.