மறு: ‘செவிவழி நரம்புத் தூண்டல்’ – இச்சொல் பொருந்துமா?

> தண்டுவடக் காயத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குக் காதில் மின்முனை வைத்துச் செய்யும் சிகிச்சையை ‘செவிவழி நரம்புத் தூண்டல்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. ‘செவிவழிச் செய்தி’ என்று பழகியவர்கள், ஏதோ ஒலியைக் கேட்க வைக்கிறார்கள் என்றே எண்ணுவார்கள். ‘செவிநரம்புத் தூண்டல்’ இன்னும் மோசம். செவிநரம்பு என்றால் கேட்கும் உணர்வைச் சுமக்கும் எட்டாம் மண்டை நரம்பு. இங்கே தூண்டுவது பத்தாவது மண்டை நரம்பான வேகஸை. அதன் சிறு கிளையொன்று காதின் தோலுக்கு வருகிறது. அங்கே கொடுக்கும் மின்துடிப்பின் விளைவு நேரே மூளைத்தண்டுக்குப் போகிறது. தண்டுவடத்தைத் தொடாத பாதை என்பதால் காயத்துக்குப் பின்னும் அது அறுபடாமல் இருக்கிறது.

என் பரிந்துரை: ‘தோல்வழிச் செவிமடல் வேகஸ் தூண்டல்’. நீளம்தான், ஆனாலும் ‘தோல்வழி’யை விட முடியாது. 2005இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு ஒப்புதல் பெற்ற வேகஸ் தூண்டல் கருவி, அறுவை செய்து உடலுக்குள் பதிப்பது; அதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சொல்தான்.

> ‘அலையும் நரம்பு’? இலத்தீன் பொருளும் அதுதானே. ‘மின்தூண்டல்’ என்றும் சேர்க்கலாம்.

பொருள் சரி. ஆனால் தொகையில் ‘அலைநரம்பு’ எனச் சுருங்கி மின்னலை, ஒலியலைப் பக்கம் இழுத்துவிடும். ‘மின்தூண்டல்’ இயற்பியலில் காந்தப்புல மாற்றத்தால் மின்னோட்டம் பிறப்பதைக் குறிக்கிறது. மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சையும் தனியே இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

----

> செவிமடல்

இதில் ஓர் ஆபத்து உண்டு. ‘காதுமடல்’ என்றால் பலர் கீழே தொங்கும் சோணையைத்தான் பிடிப்பார்கள். அங்கே உணர்வு தருவது கழுத்திலிருந்து வரும் நரம்பு, வேகஸ் அல்ல. ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செய்யும் போலிச் சிகிச்சைக்கு மின்முனை வைக்கும் இடமே சோணைதான்! ஆகவே இடத்துக்கும் ஒரு சொல் வேண்டும். காதுத்துளைக்கு மேலே, குறுக்கே ஓடும் குருத்தெலும்பு விளிம்புக்கும் மேலுள்ள சிறு பள்ளத்தைத் ‘தோணிக்குழி’ எனலாம். இலத்தீன் பெயரிலும் படகு இருக்கிறது.

கையேட்டில் சொல்லுக்குக் கீழே இதையும் எழுதுங்கள்: பெரும்பாலும் இடது காது. தோலின் எண்ணெய்ப் பசையை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் மின்முனைக்கு ஒரு துளி ஜெல். கூடினால் இரு மின்முனைகளின் ஜெல்லும் ஒன்றாகி, மின்னோட்டம் தோலுக்குள் போகாமல் ஜெல் வழியே ஓடிவிடும். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால் தொடர்பு சரியில்லை. மின்னோட்டத்தைக் கூட்டாமல், நிறுத்தி மறுபடி பொருத்த வேண்டும். பரவலாக வைக்கும் அளவு 25 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 200 முதல் 250 மைக்ரோநொடி. மின்னோட்டம் உணரத் தொடங்கும் அளவுக்கு மேலும் வலிக்கும் அளவுக்குக் கீழும் நிற்க வேண்டும். கை அசையாதவருக்கு வேறொருவர் பொருத்தினாலும், தோணிக்குழியில் உணர்வு இருக்கும். அளவை அவரைக் கேட்டே வையுங்கள்.

காயம் ஆறாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் இரத்த அழுத்தம் திடீரென எகிறக்கூடும். கழுத்துக் காயத்தில் இதயத் துடிப்பு ஏற்கெனவே மந்தமாக இருக்கலாம். முதல் அமர்வு முழுக்க இரண்டையும் அளக்க வேண்டும்.

----

‘தோணிக்குழி’ நன்று, எடுத்துக்கொள்கிறேன். அட்டவணையில் ‘மன அழுத்தம்’ என்றிருந்த இடங்களையும் ‘மனச்சோர்வு’ ஆக்கிவிடுகிறேன், இரண்டும் வேறு.