சென்னை ஜார்ஜ் டவுன் ஹெரிடேஜ் வாக், பாத்ரூம் எங்க? ஹெல்ப் ப்ளீஸ்

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல 6:30ல இருந்து 9 வரைக்கும் எங்க அபார்ட்மென்ட் ஆளுங்க 22 பேர கூட்டிட்டு போறேன், அதுல 6 பேர் 65 வயசு தாண்டினவங்க, ரெண்டு பேருக்கு சுகர் வேற. பாரிமுனைல 1773ல கிழக்கிந்தியக் கம்பெனி நட்ட எல்லைத்தூண்ல ஆரம்பிச்சு அரண்மனைக்காரத் தெரு (ஆர்மேனியன் தெருவ நம்ம ஆளுங்க அப்படி ஆக்கிட்டாங்க, எனக்கு இந்த பேர்தான் பிடிக்கும்), கச்சாலீஸ்வரர் கோயில், அப்புறம் தம்பு செட்டி தெரு காளிகாம்பாள் கோயில்ல முடிக்கிறோம்.

போன வாரம் ரூட்ட நடந்து பாத்தேன். ஞாயிறு கடை பூராவும் ஷட்டர். ஒரு பொதுக் கழிப்பறை பூட்டிக் கெடக்கு, ஒரு மெஸ்ல கேட்டா சாப்பிட்டா விடுறோம்னாங்க, ஆனா 8:30க்குதான் தெறக்குறாங்க. மேப்ஸ் காட்டுன ரெண்டு எடமும் அங்க இல்லவே இல்ல.

7:15 டு 8:15க்குள்ள இந்த ரூட்ல பெரியவங்க போற மாதிரி சுத்தமான டாய்லெட் எங்க இருக்கு?