கல்லில் தெறித்து விழுவதற்கு என்ன பெயர்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

வந்தாறுமூலையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். தொல்மாந்தர் ஆய்வில் புதிதாக இறங்குகிற இளையவர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடறுகிறது: 'டெபிட்டாஜ்'. கல்லில் கருவி செய்யும்போது தெறித்து விழுகிற செதில், துண்டு, பொடி எல்லாவற்றுக்கும் சேர்ந்த பெயர். வரைவில் 'கற்கழிவு' என்று கிடக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும்.

அரிதட்டில் நிற்கிற பிள்ளை 'கழிவு' என்று படித்துவிட்டு வந்தால் கழிவென்றே கொட்டிவிடும். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்படையிலேயே நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் குவார்ட்ஸ். மண்ணோடு கிடக்கும்போது வெறும் வெள்ளைக் குறுணிக்கல்லாகத்தான் தெரியும். 5 மி.மீ. கண் அரிதட்டு என்றால், விளிம்பு தீட்டும்போது தெறித்த பொடிச்செதில் அத்தனையும் கீழே போய்விடும். 2 மி.மீ. கண்ணில் தண்ணீர் ஊற்றி அரிக்க வேண்டும். அந்தப் பொடி கிடைத்தால், கருவியை அந்த இடத்திலேயே இருந்து செய்தார்கள் என்று துணியலாம். கருவி உண்டு, பொடி இல்லை என்றால், வேறிடத்தில் செய்து கொண்டுவந்திருக்கலாம், வெள்ளம் அள்ளியிருக்கலாம், எங்கள் அரிதட்டே விட்டிருக்கலாம். மூன்றாவதை நினைத்துத்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாடு.

காரைதீவிலிருந்து:

'எறிசில்' என்று வையுங்கள். வினைத்தொகை: எறிந்த சில், எறிகின்ற சில், எறியும் சில். எறிதல் என்றால் வெட்டுதல், அடித்து வீழ்த்துதல். புறநானூற்றுத் தாய் 'களிறெறிந்து பெயர்தல்' என்கிறபோது யானையைத் தூக்கி வீசச் சொல்லவில்லையே. 'சில்' சின்மை குறித்த வேர். சில, சில்லறை எல்லாம் அதன் கிளை. கல்லைக் குறிக்கும் 'சிலை'யும் இவ்வேரினதே என்பது என் துணிபு. அப்படியானால் கல்லும் சிறுமையும் ஒரே அசையில் வந்துவிடுகின்றன. இவ்வளவு செறிவான சொல் வேறு கிடைக்காது.

அக்கரைப்பற்றிலிருந்து:

ஐயா, சிலையின் வேரை இன்னொரு நாள் கதைப்போம். எங்கள் பக்கம் சில்லு என்றால் சைக்கிள் சக்கரம். எறி என்றால் வீசு. 'எறிசில்' என்று ஒரு பிள்ளைக்கு எழுதிக்கொடுத்தால், கழற்றி வீசிய சில்லைத் தேடும். கழிவிலிருந்து தப்பி மறுபடி குப்பைக்கே வந்து நிற்கிறோம். மூலமே பிரெஞ்சில் மரத்தைத் துண்டுபோடுகிற வினையிலிருந்து வந்தது. அதில் குப்பை என்ற பொருள் கிடையாது.

'செதில்' மட்டும் போதாது. சேர்ட் என்ற, வழுவழுப்பாக உடைகிற கல்லில் அடி விழுந்த இடத்தின் கீழே சிறு புடைப்புத் தெரியும், அதைச் செதில் எனலாம். குவார்ட்ஸ் அப்படி ஒழுங்காகப் பிரியாமல் நொறுங்கிப் போகும். 'தெறிகல்' எப்படி?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

தெறிகல்லுக்கு என் ஆதரவு. ஆனால் கையேட்டில் கல் தட்டிப் பழகுவதைச் சொல்லும் நான்காம் பக்கத்தையும் பாருங்கள். தொடையில் தடித்த தோல், கண்ணுக்குக் கண்ணாடி, காற்றோட்டமான இடம் (தூள் நுரையீரலுக்குக் கூடாது), கீழே தார்ப்பாய். கருக்கல்லின் (செதில் தட்டி எடுக்கிற மூலக்கல்லின்) விளிம்புக் கோணம் 90 பாகைக்குள் இருக்க வேண்டும். விளிம்புக்குக் கிட்ட அடிக்க வேண்டும். உள்ளே தள்ளி அடித்தால் கல் அசையாது, கைதான் நோகும். குவார்ட்ஸ் உருளையைப் பட்டடைக்கல்லில் நிறுத்தி மேலிருந்து நேராக அடித்தால், இரண்டு நுனியும் நசுங்கிய கீற்றுகள் வரும்.

பயிற்சி முடிந்ததும் தார்ப்பாயில் விழுந்த அத்தனையையும் பையில் கட்டிச் சீட்டு எழுத வேண்டும். புதைக்கத்தான் வேண்டுமென்றால் அந்த ஆண்டு நாணயம் ஒன்றையும் கூடப் போட வேண்டும். அகழிடத்துக்குப் பக்கத்தில் கொட்டினால், பின்னால் வருகிறவர் பழையது என்று எண்ணி எடுத்துவிடுவார். ஆகவே இன்று தட்டியதற்கு 'பயிற்சிக் கழிவு', மண்ணிலிருந்து வருவதற்கு 'தெறிகல்' என்று பிரித்து எழுதுங்கள்.

காரைதீவிலிருந்து:

தெறிகல் என்றால் கவணில் வைத்துத் தெறிக்கிற கல் என்றல்லவா படும்? அதுவும் வினைத்தொகைதான். விளங்க வேண்டும் என்பதற்காகப் பழம்பொருளைக் கைவிட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளோடு சுருங்கிவிடும்.

வந்தாறுமூலையிலிருந்து:

கவண்கல் கையேட்டில் எங்கும் வரவில்லை, ஐயா. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஐந்து பேர் தெறிகல், ஒருவர் எறிசில். முதல் தடவை வரும் இடத்தில் 'தெறிகல் எனும் டெபிட்டாஜ்' என்று போடுகிறேன். நான்காம் பக்கத்தில் 'பயிற்சிக் கழிவு' சேர்ந்தாயிற்று. அரிதட்டுப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: தெறிகல்லைக் கொட்டாதே, எண்ணு, நிறு.

காரைதீவிலிருந்து:

அச்சில் போகட்டும். என் வாக்கு எறிசில்லுக்கே. 'கருக்கல்'லை ஏன் ஒருவரும் தொடவில்லை? இங்கே அது விடியற்கருக்கல் அல்லவா?

அக்கரைப்பற்றிலிருந்து:

ஐயா, அது வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.