டயர் வாங்கும் விவகாரம்

ரேவதி: அப்பா காரின் முன்பக்க டயர் ஓரத்தில் கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பாட்டியை அழைத்துவர அந்தக் கார்தான் போக வேண்டும். எந்த டயர் வாங்குவது?

விஜி சித்தி: ஐயோ

சுந்தரம் மாமா: பஞ்சர் ஒட்டினால் போதாதா?

மணி பெரியப்பா: போதாது மாப்பிள்ளை. உள்ளே நூல் அறுந்தால்தான் இப்படிப் புடைக்கும், ஒட்டவே முடியாது. இப்போதைக்கு ஸ்டெப்னியை மாட்டுங்கள். ரேவதி, டயரில் என்ன எண்?

ரேவதி: 185/65 ஆர்15 88எச். கதவுத் தூண் ஸ்டிக்கரிலும் அதே அளவுதான்

கார்த்தி: மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 205 போடலாமே. கெத்தாக இருக்கும்

லதா அத்தை: ஆரம்பிச்சுட்டான்

மணி பெரியப்பா: கார்த்தி, கவனமாகப் படி. 185 மி.மீ. அகலம். பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், சுமார் 120 மி.மீ. 15 அங்குலம் ரிம்மின் விட்டம். 205/65 போட்டால் பக்கச்சுவர் 133 ஆகும், சக்கரத்தின் விட்டம் 26 மி.மீ. கூடும். இப்போது 100 காட்டுகிற வேகத்துக்கு மீட்டர் 96தான் காட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசவும் செய்யலாம்.

விஜி சித்தி: சாயந்திரம் படிக்கிறேன் அத்தான்

கார்த்தி: அப்போ 16 இஞ்ச் அலாய் ரிம்?

மணி பெரியப்பா: 195/55 ஆர்16 என்றால் விட்டம் கிட்டத்தட்ட இதே 621 மி.மீ. ஆனால் நாலு ரிம்மும் வாங்க வேண்டும், போல்ட் இடைவெளி, ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) எல்லாம் பொருந்த வேண்டும். பக்கச்சுவர் குட்டையானால் பள்ளத்தில் ரிம் வளைவதும் சுலபம்.

சுந்தரம் மாமா: வளைத்த ஆள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்

கார்த்தி: மாமா, அது பழைய கதை

லதா அத்தை: பழைய கதை என்றால் எங்கள் ஜாக்கியும்தான். வாங்கிப் போனவர்கள் மறந்தே விட்டார்கள்

விஜி சித்தி: எங்களையா சொல்றீங்க அண்ணி?

லதா அத்தை: பொதுவாகச் சொன்னேன்

ரேவதி: ஜாக்கி அப்புறம். ஒரு டயரா, இரண்டா?

மணி பெரியப்பா: இரண்டு. ஒரே அச்சில் போடு, அதுவும் பின்னால்; பின்னால் இருப்பவை முன்னால் வரட்டும். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை. இரண்டிலும் குறைந்தது வேண்டாம்.

சுந்தரம் மாமா: எங்களிடம் ஓடாத டயர் ஒன்று கிடக்கிறது. அதே அளவு

மணி பெரியப்பா: டயர் ஓரத்தில் DOT என்று தொடங்கும் டாட் எண்ணில் கடைசி நாலு இலக்கம்?

சுந்தரம் மாமா: 0914

மணி பெரியப்பா: 2014-ன் 9-வது வாரத் தயாரிப்பு!

கார்த்தி: நான் அப்போது ஆறாம் வகுப்பு

லதா அத்தை: தூக்கிப் போடுங்கள் என்றால் கேட்டால்தானே

சுந்தரம் மாமா: பட்டன் தேயவே இல்லையே

மணி பெரியப்பா: ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போகும்

விஜி சித்தி: பாட்டியின் மருந்துச் சீட்டு யாரிடம் இருக்கிறது?

ரேவதி: அப்பா ஒரு டயர் போதும் என்கிறார்

மணி பெரியப்பா: அவனைப் போன் எடுக்கச் சொல்

ரேவதி: எடுக்க மாட்டாராம்

சுந்தரம் மாமா: அந்த டயர் ஸ்டெப்னிக்காவது ஆகுமே

மணி பெரியப்பா: மாப்பிள்ளை!